சொன்னாள், பேசவில்லை

ஆலிவ் பிக்கிள்ஸ் தன் அக்கா ஹெட்டியோடு பேசுவதில்லை என்பது இங்கிலாந்தின் வடக்கே உள்ள நெசவு ஊரான ஆக்டன்ஷாவில் எல்லோருக்கும் தெரியும். ஹார்க்கர் மில்லின் தறிக்கூடத்தில் அக்காவும் தங்கையும் காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டு சேதிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதாக அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. தெற்கேயிருந்து புதிதாக வந்த போதகர் ஒருவர் மட்டும் நினைத்தார். சகோதரிகளைச் சமாதானம் செய்துவைத்துப் பேர் வாங்கிவிடலாம் என்று கிளம்பிய மனிதர், ஆலிவ் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு துண்டு இஞ்சிக் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, வந்தபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பிப் போனார்.

"நான் அவகிட்ட சொல்லுவேன். அவ என்கிட்ட சொல்லுவா. பேசுறதுதான் கிடையாது," என்றாள் ஆலிவ்.

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"சத்தம். சத்தம் வந்தாத்தானே பேச்சு? இன்னொரு துண்டு வைக்கட்டுங்களா, ஐயா?"

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஹார்க்கர் மில்லின் கதவைத் திறந்து உள்ளே ஒரு முறை தலையை நீட்டிப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க மாட்டார்கள். ஒரே கூரையின் கீழ் நானூறு தறிகள். ஒவ்வொன்றிலும் ஊடை நூலைச் சுமக்கும் மரநாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மோதும். அந்தச் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. பக்கத்தில் இருப்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் அவளுக்குக் காற்றுத்தான் போகும். அதனால் நெசவுப் பெண்கள் சத்தத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உதட்டால் மட்டுமே பேசிக்கொண்டார்கள். வாயை அகலத் திறந்து, உதட்டைக் குவித்து இழுத்து, புருவத்தையும் தோளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, நான்கு தறிகளுக்கு அப்பால் நிற்பவளிடம் அடுத்த வீட்டுக்காரியின் மானத்தை வாங்கிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த பெண் ஒரு குளிர்காலம் முடிவதற்குள் இதைப் படித்துவிடுவாள்.

படித்தது வீட்டுக்கும் கூட வரும். இரண்டு பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். கர்ப்பம், கட்டி, ஆபரேஷன் என்று கூச்சமான வார்த்தை வந்ததும் குரல் நின்றுவிடும், உதடுகள் மட்டும் நடக்கும். அந்த வார்த்தை தாண்டியதும் குரல் திரும்பி வரும். வெட்கப்பட வேண்டியதைச் சத்தமில்லாமல் சொல்லிவிட்டால் அதைச் சொன்னதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஆலிவின் வாழ்க்கையில் இடி விழுந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

முப்பத்தேழாம் வருஷம் மே மாதத்தில் ஆலிவுக்கும் வில்ஃபுக்கும் கல்யாணம். வில்ஃப் தறி மேஸ்திரி. ஓடாத தறியை ஓடவைப்பது அவன் வேலை. தறி மேஸ்திரிகள் மந்தபுத்தி என்று கேலி செய்வது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்து. "மேஸ்திரி மண்டையைத் தட்டிப் பாரு, 'உள்ள யாருமில்ல, அப்புறமா வாங்க'ன்னு குரல் வரும்" என்பாள் ஹெட்டியின் சிநேகிதி பெர்தா. வில்ஃப் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டான். நல்ல உயரம், நல்ல பொறுமை, கல்யாண உடுப்பில் கொஞ்சம் வியர்த்துக்கொண்டு நின்றான்.

கல்யாணம் நடந்த சேப்பலில், அந்தச் சின்னத் தேவாலயத்தில், ஹெட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் பெர்தா. மோதிரம் மாற்றி முடிந்து ஆர்கன் முழங்க ஆரம்பித்த நேரம், ஹெட்டி பெர்தாவைப் பார்த்து உதட்டால் ஒரு சேதி சொன்னாள். "இவன் முதல்ல என்னைத்தான் கேட்டான். நான் வேண்டாம்னு விட்டதத்தான் இவ கட்டிக்கிறா. பாவம், இவளுக்குத் தெரியாது."

காதோடு காதாகக் கிசுகிசுத்திருந்தால் ஆர்கன் சத்தத்தில் போயிருக்கும். அந்தச் சேப்பலில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நெசவாளிகள் என்பதோ, மணப்பெண்ணும் நெசவாளி என்பதோ, அவள் அந்த நிமிஷம் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பியிருந்தாள் என்பதோ ஹெட்டிக்கு உறைக்கவில்லை. சத்தமில்லாமல் சொன்னது சொன்னதில் சேராது என்ற பழக்கம் அவளைக் கவிழ்த்துவிட்டது. ஆலிவ் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். சுற்றிலும் நாற்பது தலைகள் சட்டென்று தொப்பிக்குள் குனிந்ததையும் பார்த்தாள்.

கல்யாண விருந்து சேப்பலை ஒட்டிய ஞாயிற்றுப் பள்ளி அறையில் நடந்தது. பன்றிக்கறித் துண்டுகளும் ஊறுகாயும் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஆலிவ் எழுந்து அக்கா இருந்த மேசைக்குப் போனாள். ஊரே கேட்கும்படி சொன்னாள்.

"என் உசுரு இருக்கிறவரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அன்று இரவு வில்ஃபிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நிஜமா?"

"ப்ளாக்பூல்ல வச்சு ஒரு தடவ கேட்டேன்," என்றான் அவன். "அது உன்னைத் தெரியுறதுக்கு முன்னாடி." பொய் சொல்லத் தெரியாதவனைக் கட்டிக்கொள்வதில் உள்ள கஷ்டம் இது. ஆலிவ் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புருஷன் கேட்டது அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. நாற்பது தொப்பிகள் குனிந்ததுதான் வலித்தது. அந்த வலி வருஷத்துக்கு வருஷம் குறையும் என்று பார்த்தால் குறையவில்லை.

அந்தப் பக்கத்து மனிதர்கள் பத்துப் பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு கழுத்தை அறுத்தாலும் மாற மாட்டார்கள். அம்மா செத்துப் போனபோது இரண்டு மகள்களும் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். பெட்டிக்கு எந்த மரம், சடங்குச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் பெர்தா நடுவில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தாள். "ஏன்டி, நான் என்ன தபால்காரியா?" என்று அவள் அலுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகு யுத்தம் வந்தது. ஆலிவ் வேலை செய்த மில்லை மூடி, அதில் அரசாங்கம் பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைத்தது. நெசவாளிகளை ஹார்க்கர் மில்லுக்கு அனுப்பினார்கள். ஆலிவுக்குக் கொடுத்த நான்கு தறிகள் ஹெட்டியின் நான்கு தறிகளுக்கு நேர் எதிரே இருந்தன. தலையைத் தூக்கினால் அக்கா முகம். மேனேஜரிடம் போய் வேறு இடம் கேட்டாள். "தறிக்கு முன்னால நின்னு துணியைப் பாரும்மா. எதிர்ல யாருன்னு பார்க்கச் சொல்லி இங்க சம்பளம் தரல," என்றார் அவர்.

துணியைத்தான் பார்த்தாள், மூன்று வாரம். ஒருநாள் அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்தபோது அவள் ஏப்ரன் கயிறு பின்னால் ஓடும் பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தவள் எதிரே பார்த்தாள். ஹெட்டி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, வாயைக் குகை மாதிரி திறந்து, "ஏப்ரன்! ஏப்ரன்!" என்று உதட்டால் அலறிக்கொண்டிருந்தாள். ஆலிவ் வெடுக்கென்று விலகினாள். அந்தப் பெல்ட்டில் போன வருஷம் ஒரு பெண்ணின் தலைமுடி போயிருந்தது.

அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று மத்தியானம்வரை அவள் தன்னோடு தானே மல்லுக்கட்டினாள். கடைசியில், நாடாவுக்குள் இருக்கும் நூல் தாரை மாற்றும்போது, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "பார்த்துக்கிட்டேன்," என்று உதட்டால் சொன்னாள். சத்தம் வரவில்லை. சொன்ன சபதம் சொன்னபடி இருந்தது. அவளுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

முதலில் வேலை விஷயம் மட்டும் என்று வரம்பு வைத்தாள். ஊடை நூல் மட்டம், பாவு ஒட்டுகிறது, மேஸ்திரி எங்கே தொலைந்தான், இவ்வளவுதான். பிறகு மழை. மழையும் வேலை விஷயம்தான், ஈரத்தில் நூல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பிறகு ஆலிவின் மகள் மேவிஸுக்கு அம்மை போட்டிருந்த வாரம் ஹெட்டி, "பிள்ளை எப்படி?" என்றாள், அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மனுஷியே இல்லை. அதோடு வரம்பு ஒழிந்தது. வில்ஃபின் வயிற்று ஆபரேஷன், ஹெட்டி வீட்டில் குடியிருந்த பஸ் கண்டக்டரின் கள்ளத்தனம், இஞ்சிக் கேக்குக்கு எவ்வளவு வெல்லப்பாகு, பெரியவளாகிக் கோவென்ட்ரி நகரத்துக்குப் போன மேவிஸ் ஏன் மாசத்துக்கு ஒரு தடவைகூட வருவதில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டார்கள். சேப்பலில் நடந்ததை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

விதி ஒன்றே ஒன்று. தறிகளை ஓட்டும் மில் இன்ஜின் நின்றால் வாய் நின்றுவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகள் ஓயும்போது ஹெட்டி பாதி வாக்கியத்தில் இருந்தால் பாதியிலேயே வாயை மூடிக்கொள்வாள். இருவரும் வேறு வேறு மூலையில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்பார்கள். மறுபடி இன்ஜின் கிளம்பியதும், "...அதனாலதான் டாக்டரே வரல," என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். தெருவில் எதிர்ப்பட்டால் ஒருத்தி பால்கடை ஜன்னலைப் பார்ப்பாள், மற்றவள் வானத்தைப் பார்ப்பாள். அந்தக் குடும்பக் கதையை எதிர்வரிசையிலிருந்து படித்துக்கொண்டிருந்த மற்ற பெண்களுக்குத்தான் இந்த விதியால் பெரிய தொந்தரவு.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மில்லை மூடப்போவதாகச் சொன்னார்கள். பழைய தறிகளை உடைத்துப்போட்டால் முதலாளிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதாம். ஊரில் எல்லோரும் அடுத்த வேலைக்கு எங்கே போவது என்று அலைந்தார்கள். ஆலிவுக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளத்தாக்கில் இருக்கும் செருப்பு ஃபேக்டரியில் நெசவுப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பயம் வேறு. நானூறு தறிகளின் சத்தம் போய்விட்டால் அக்காவோடு பேச அவளுக்கு இந்த உலகத்தில் இடம் இருக்காது. கல்யாணத்தன்று ஊரைக் கூட்டிச் சொன்ன வார்த்தையை இந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் அவள் இத்தனை வருஷம் சமாளித்தாள். ஹெட்டி இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

"நீ எங்க போறே?" என்றாள் ஹெட்டி ஒருநாள், தறிக்கு மேலே.

"செருப்பு ஃபேக்டரி. நீ?"

"நானும் அங்கதான் கேட்டிருக்கேன்."

ஆலிவ் ஒரு தாரை மாற்றி, நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுத்தாள். பிறகு கேட்டாள். "அங்க இந்த மாதிரி சத்தம் இருக்குமா?"

"தையல் மெஷின்தானாம். பேசினா கேட்குமாம்."

இரண்டு பேரும் குனிந்து துணியைப் பார்த்தார்கள். துணியில் ஒரு குறையும் இல்லை.

மில்லின் கடைசி நாள், கோடை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. விடுமுறை வாரத்தில் ஊரிலுள்ள எல்லா மில்லும் மூடிவிடும், ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ப்ளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறும். மற்ற வருஷங்களில் அந்த வெள்ளிக்கிழமை ஒரே பாட்டும் கூத்துமாக இருக்கும். இந்தத் தடவை பாடியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஹெட்டி மத்தியானத்திலிருந்து எதையோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தாள். கடைசியில், "ஆலிவ், இனிமே நாம..." என்று ஆரம்பித்தாள். இன்ஜின் நின்றது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஹெட்டி பழக்கப்படி வாயை மூடிக்கொண்டாள்.

இனி இன்ஜின் கிளம்பாது. மீதி வாக்கியம் வரப்போவதில்லை. ஹெட்டி தறியை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஆலிவ் முற்றம்வரை பின்னாலேயே போனாள். ஹெட்டி கேட்டைத் தாண்ட நான்கு எட்டு இருக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை. கூப்பிட்டுவிட்டாள்.

"ஹெட்டி!"

முற்றமே நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன் நின்றான். பெர்தா சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஆலிவ் பிக்கிள்ஸ் தன் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை எல்லோரும் கேட்டார்கள்.

"ஹெட்டி!"

ஹெட்டி திரும்பவில்லை. சால்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆலிவின் முகம் காதுவரை சிவந்தது. சேப்பலில் குனிந்த தொப்பிகள் அத்தனையும் இப்போது மறுபடி அவளைச் சுற்றிக் குனிந்தன. பெர்தா அருகில் வந்து, "அடியே, இரு, அவளுக்கு..." என்று ஆரம்பித்தாள். "உன் வேலையைப் பாருடி," என்று அவள் கையைத் தட்டிவிட்டு ஆலிவ் ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

முன்னாலேயே வேலை முடிந்து வந்துவிட்ட வில்ஃப் அடுப்படி மேசையில் மறுநாள் பயணத்துக்காக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். ஆலிவ் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வீசினாள்.

"கூப்பிட்டேன். வாயைத் திறந்து, நாய் மாதிரி, ரெண்டு தடவ. திரும்பிக்கூடப் பார்க்கல அந்தச் சிறுக்கி. ஊர் முன்னாடி என்னைச் செருப்பால அடிச்சிட்டுப் போறா."

"யாரு, நம்ம ஹெட்டியா?"

"இல்ல, இங்கிலாந்து ராணி."

வில்ஃப் பாலிஷ் பிரஷைக் கீழே வைத்தான். "எங்க இருந்து கூப்பிட்டே?"

"பின்னாலேருந்து. ஏன்?"

"பின்னாலேருந்து கூப்பிட்டா அவளுக்கு எப்படிடி கேட்கும்? அவளுக்குக் காது போய் நாலு வருஷமாச்சே. தறி ரிப்பேருக்குப் போனாக்கூட நான் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவேன். கடையில எல்லாரும் அவ முகத்தைப் பார்த்துத்தான் பேசுறாங்க. உனக்குத் தெரியாதா?"

ஆலிவ் உட்கார்ந்துவிட்டாள். "யாருமே எனக்குச் சொல்லலையே."

"நாள் பூரா அவகூட வாயாடுறவ நீ. உனக்குத் தெரியாதுன்னு எவனுக்குத் தெரியும்?"

மேஸ்திரி மண்டைக்குள் யாரும் இல்லை என்று இனி யாராவது சொல்லட்டும். ஆலிவ் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறிகளின் நடுவே நிற்கும்போது காது கேட்கிறவளும் கேட்காதவளும் ஒன்றுதான். அக்காவின் நோய், நொடி, காதல், கடுப்பு எல்லாம் தெரிந்தவளுக்கு இந்த ஒன்று தெரியாமல் போனதற்குக் காரணம் வேறு யாருமில்லை. சத்தமாக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெருவில் நின்று கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் அழுதாள். வில்ஃபுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளுடைய ஷூவையும் எடுத்துப் பாலிஷ் போட்டான்.

மறுநாள் காலை ஊரே பெட்டியும் படுக்கையுமாக ஸ்டேஷனைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆலிவ் மட்டும் எதிர்த்திசையில் நடந்தாள். "ஏய் ஆலிவ், கடல் அந்தப் பக்கம்!" என்று யாரோ கேலி செய்ததற்கும் நிற்கவில்லை. ஹெட்டி தன் வீட்டு வாசற்படியில் மண்டியிட்டு, படிக்கல்லை ஈரத்துணியால் துடைத்து, ஓரத்தில் அழகுக்காக வெள்ளைக் கல்லால் கோடு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆலிவின் நிழல் படியில் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன?" என்றாள் ஹெட்டி. உதட்டால் மட்டும். மில்லுக்கு வெளியே, வெட்டவெளியில், முதல் தடவை. பயந்துபோயிருந்தாள்.

ஆலிவ் பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள். ஒன்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இவளுக்குச் சத்தமே தேவையில்லை. மில் போனாலும் உதட்டால் சொல்லிக்கொண்டே காலத்தைத் தள்ளலாம், இதே படியில் உட்கார்ந்து, சாகும்வரை. ஊர் முன்னால் சொன்ன வார்த்தையும் உடையாது, அக்காவும் போக மாட்டாள். இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு யாருக்கும் கிடைக்காது. நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"நேத்து உன்னைக் கூப்பிட்டேன்," என்றாள். சத்தமாக. "மில் கேட்ல. நீ திரும்பல."

ஹெட்டி தங்கையின் உதட்டைப் பார்த்தாள். அது வழக்கம்போல அகன்று நெளியவில்லை. சாதாரண ஜனங்களின் வாய்போலச் சின்னதாக அசைந்தது. நெசவாளிக் கண்ணுக்கு அது தப்பாது. ஹெட்டியும் குரலைத் திறந்தாள். காது போனவளின் குரல், தட்டையாக, தெருக்கோடிவரை போகும்படி.

"சத்தமாவா பேசுறே?"

பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள்.

"ஆமா."

"எனக்குத்தான் காது கேட்காதே!"

"தெரியும். நேத்துதான் தெரியும்."

"அப்புறம் எதுக்குடி கத்துறே? சும்மா உதட்ட அசை, எனக்குப் போதும். உன் சபதமாவது பிழைச்சுப் போகட்டும்!"

"சபதம் கிடக்குது கழுதை," என்றாள் ஆலிவ்.

ஹெட்டி எழுந்து நின்றாள். முழங்காலில் வெள்ளைப் பொடி. "இத்தனை வருஷமா ஒண்ணே ஒண்ணு சொல்லலடி. நேத்தும் சொல்ல வந்து முடியல. அன்னைக்கு சேப்பல்ல..." அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை, மூன்று தெருவுக்குக் கேட்டது. "வில்ஃப் என்னைக் கேட்டது நிஜம்! நான் வேண்டாம்னதும் நிஜம்! அதுக்கப்புறம் ஒரு வருஷம் அழுதேன், அத நான் பெர்தாகிட்டகூடச் சொல்லல! வயித்தெரிச்சல்ல வாயைத் திறந்துட்டேன்!"

தெருவின் மறுபுறம் இரண்டு பெட்டிகளோடு வந்துகொண்டிருந்த வில்ஃப் அப்படியே நின்றான். சுற்றியிருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "நான் ஸ்டேஷன்ல இருக்கேன்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

ஆலிவ் சுற்றிப் பார்த்தாள். ஒரு தொப்பியும் குனியவில்லை; வாயைப் பிளந்துகொண்டு நேராகவே பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. இந்தத் தொப்பிகளுக்காகவா இவ்வளவு வருஷத்தைக் கொடுத்தோம் என்று நினைத்தாள்.

"ஹெட்டி, நான்..."

"நிஜமா சத்தம் வருதாடி?" ஹெட்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்னப்பிள்ளை மாதிரி. "எனக்கெப்படித் தெரியும்? சும்மா வாயை அசைச்சு என்னை ஏமாத்துறியோ என்னமோ."

ஆலிவ் அக்காவின் கையைப் பிடித்தாள். சோப்புத் தண்ணீரும் கல்பொடியுமாக இருந்த அந்தக் கையை இழுத்துத் தன் தொண்டைக் குழியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஹெட்டி," என்றாள். "நம்ம ஹெட்டி. பெட்டியை எடு. ரயில் போயிடும். பெரிய ரூமாத்தான் எடுத்திருக்கோம், வில்ஃப் தரையில படுத்துக்குவான். கறி சாண்ட்விச் கட்டியிருக்கேன். உனக்குப் பிடிக்குமேன்னு ஊறுகாயும் வச்சிருக்கேன்."

விரல்களுக்குக் கீழே தொண்டை அதிர்ந்தது. ஹெட்டி உதட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் ஆலிவ் என்ன சொல்கிறாள் என்பது அவளுக்கு ஒரு துளிகூடத் தெரியாது. ஆலிவ் தயங்கி நிறுத்தினாள்.

"நிறுத்தாதே," என்றாள் ஹெட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி. "பேசு."